அரை மாத்திரை

வாரம் முழுக்க மொர்வென்னா
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
பத்தொன்பது நிறுத்தம்.
ஏதாவது ஒரு பிள்ளை ஷூ லேஸ் கட்டி முடிக்கும்வரை
ஏதாவது ஒன்றில் காத்து நிற்கிறாள்.
அட்டவணை பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை,
போர் முடிந்ததும் விமானங்கள் மறந்துவிட்ட ஓடுதளம்.
கார்ன்வால் கடற்காற்று கதவைப் பிடுங்கப் பார்க்க
பதினெட்டு வயது மைக்ராவின் பின்சீட்டிலிருந்து
பிஸ்கட் தூளைத் தட்டுகிறாள்.

காருக்கு எழுநூறு பவுண்ட்.
உரிமம், நுழைவுக் கட்டணம்,
யாரோ ஒரே ஒருமுறை போட்டு விற்ற தீத்தாங்கி அங்கி
(குட்டைதான், காலுறையின் வாத்துப் படம் தெரிகிறது)
எல்லாம் கூட்டினால்
அக்கா ரோசென்னா ஸ்பெயினில் இரண்டு வாரம்
வெயிலில் புரண்டு படுத்த செலவு.
பணத்தைக் கரியாக்குகிறாயே என்றவளும்
தோலுரிந்த மூக்கோடு அவள்தான்.

பரிசோதகர் பெட்ராக்
பல் பிடுங்க வந்தவர்போல்
பேட்டரியை உலுக்கினார், சீட்டை உலுக்கினார்.
எர்த் வயரில் மஞ்சள் டேப்? இருக்கிறது.
சாவியை எந்தப் பக்கம் திருப்பினால் எஞ்சின் அணையும்?
அம்புக்குறி போட்டிருக்கிறாள், லிப்ஸ்டிக்கில்.
ஒளிக்கதிரை வெட்ட முன்னால் நிமிர்ந்து நின்ற கறுப்புத் தகட்டை
விரலால் சுண்டினார்.
"இது ஸ்கோன் சுடுற தட்டாச்சே."
"ஆமா. நல்லா கழுவிட்டுத்தான் பெயின்ட் அடிச்சேன்."

ஹெல்மெட்டில்தான் இடித்தது.
உள்ளே ஒட்டிய வில்லை காலாவதி.
ஏலத்தில் வாங்கும்போது
யார் திருப்பிப் பார்த்தார்கள்?

அதே வகுப்பில் அவளோடு போட்டியிடும் டிகோரி,
கோழிப்பண்ணைக்காரன், சொன்னான்:
"நான் உனக்கு ஆறு கார் முன்னாடி.
வந்ததும் என்னுதை எடுத்துக்கோ."
அப்படியாக
இன்னொரு தலையின் சூடு ஆறாத இருட்டுக்குள்
தன் தலையை நுழைத்தாள்.

கோட்டில் நிற்கிறாள். பக்கத்தில் எவரும் இல்லை.
முன்னால் ஈரத் தார், ஆரஞ்சுக் கூம்புகள்,
எல்லைக்கு அப்பால் தலை தூக்காத ஆடுகள்.
பச்சை விளக்கு எரிகிறது.
எரிந்ததும் பாய வேண்டும் என்று சட்டமில்லை.
நீ நகர்ந்தால்தான் கடிகாரம் விழிக்கும்.
அதுவரை அது
உனக்காகக் காத்திருக்கும்.

அவளுக்காக
ஒரு கடிகாரம்
காத்திருக்கிறது.

சும்மா இரண்டு மூச்சு கூடுதலாக
அப்படியே இருந்தாள்.

முதல் ஓட்டத்தில் இரண்டாம் கியர் கிடைக்காமல்
மூன்றில் விழுந்து திணறினாள்.
அடுத்ததில் ஒரு கூம்பை இழுத்துக்கொண்டு போனாள்.
மூன்றாவதில் அறுபத்தெட்டு புள்ளி இரண்டு.
நான்காவதில் கால் நொடி குறைவு.

கால் நொடி என்றால்?
சொல்லின் கடைசியில் நிற்கும் உகரம்
பாதி தேய்ந்து ஒலிக்கிறதே, அந்த அரை மாத்திரை.
பேசுகிறவர் கவனிப்பதில்லை.
இலக்கணம் விடுவதில்லை.

எட்டுப் பேரில் ஏழாவது.
எட்டாவது டிகோரி, கிளட்ச் கருகி,
கயிற்றின் நுனியில்.
அவன் காரை இழுத்துக்கொண்டு போனது
அவளுடைய மைக்ராதான். மெதுவாக,
பேருந்து வேகத்தில்.

திங்கள் காலை
வீட்டு வாசலில் நிற்கும் காரின் அழுக்குக் கதவில்
டேப் உரித்த இடம் மட்டும்
83 என்று சுத்தமாக இருக்கிறது.

ஒன்பதாவது நிறுத்தத்தில்
குட்டிப் பயல் ஜேகோ குனிந்து லேஸ் கட்டுகிறான்.
பதினோரு நொடி.
நேற்றைக்குப் பிறகு எண்ணத் தொடங்கியிருக்கிறாள்.
அவசரப்படுத்தவில்லை.