இறந்தகாலம்

திருமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஆறு மணி வகுப்பு.
வரவு இடாப்பின் மூலையைத்
தெருமான் ஒன்று தின்றுவிட்டுப் போயிருந்தது.
சரி, இன்றைக்கு அதுதான் பாடம்:
ஆளுக்கொரு வசனம், இறந்தகாலத்தில்.

'த டியர் கோ டு பீச்'
தொடங்கினார் கிண்ணியா நசுறுதீன்.
'வென்ட்' என்றேன்.
உப்புவெளி ஹொட்டேலில் தட்டுக் கழுவும் சுகிர்தன்
அதற்கு ரூம் கொடுத்தான், காலைச் சாப்பாட்டோடு.
நிலூக்கா தோணியில் ஏற்றிவிட்டாள்.
சிரித்த சிரிப்பில்
கரண்ட் போனதும் தெரியவில்லை.

மூன்று மாதமாய் வாய் திறக்காத யோகமலர்
இருட்டுக்குள் சொன்னார்:
'த டியர் டிட் நொட் கம் பாக்.'

ஒரு பிழையும் இல்லை.

சோக்கட்டியைக் கீழே வைத்தேன்.
வெளியே எதுவோ கடதாசி மெல்லும் சத்தம்.

'டுமோரோ இட் கேம்'
அவசரமாக நசுறுதீன்.

நான் திருத்தவில்லை.