பதினெட்டு நிமிடம்

கொட்டாஞ்சேனை மண்டபத்து வாசலில்
வேகனின் பின்கதவைத் தூக்கியபோது
மூன்று தட்டுக் கேக்
இடப்பக்கம் சாய்ந்து நின்றது,
யாரோ சொல்லும் இரகசியத்துக்குக் காது கொடுப்பதுபோல.
மணப்பெண்ணின் தாய் ஒன்றும் பேசவில்லை.
மீதிக் காசில் இரண்டாயிரம் குறைத்தாள்.

அதற்குப் பிறகுதான் பஞ்சிகாவத்தை.
நஸ்மி பாஸ் பழைய ஷொக்கின் தண்டை
ஒரு விரலால் அமத்தினார்.
உள்ளே போனது, திரும்பி வரவில்லை.
"இது மௌத்தாகி ரெண்டு வருஷம், தங்கச்சி.
இவ்வளவு நாளும் நீங்கதான்
வண்டியத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கீங்க."

ஜப்பானில் எவரோ ஓடிக் கழித்த ஒரு ஜோடி,
நாலு புஷ், ஒரு போல் ஜொயின்ட், கூலி.
முப்பத்தெட்டாயிரம்.
நான் எதையும் பட்டர் கேக்கில்தான் எண்ணுவேன்:
பதினொன்று.

புதுக்கால் போட்ட வண்டி
பேஸ்லைன் வீதியில் நேரே போக மறுத்தது.
ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மூன்று விரல் திருப்பி
அப்படியே பிடித்திருக்க வேண்டும்.
விட்டால் நடைபாதைப் பழக்கடைக்குப் போகும்.
"அலைன்மென்ட் அடிக்காம ஓடாதீங்க" என்றுதான்
பாஸ் சொல்லி அனுப்பினார்.
ஒன்பது நாள் ஓடினேன்.
ஓர்டர் இருந்தது.

தெமட்டகொடையில், இரும்புப் பலகைமேல் ஏற்றி
நாலு சில்லிலும் கண்ணாடித் தட்டுக் கட்டி
கசுன் திரையைக் காட்டினான்.
சிவப்பு, சிவப்பு, பச்சை, சிவப்பு.
அவன் சிங்களத்தில் சொன்னான்
நான் தமிழில் பயந்தேன்
இலக்கம் மட்டும் இருவருக்கும் ஒன்று:
முன்சில்லு வெளிப்பக்கம், பதினெட்டு நிமிடம்.

நிமிடமா?
ஒரு பாகையை அறுபதாக வெட்டினால் வரும் துண்டு என்று
காற்றில் கத்தி பிடித்துக் காட்டினான்.
அவ்வளவு மெல்லிய துண்டை
எந்த விருந்தாளிக்கும் நான் வைத்ததில்லை.
அதற்கே டயரின் உள்விளிம்பு, தடவிப் பார்த்தால்,
ஒரு பக்கம் சவர்க்காரம்
மறுபக்கம் வாள்ப்பல்.

"பின்னால என்ன பாரம் ஏத்துவீங்க?"
கேக், என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டான்.

ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டிவிட்டுக் கீழே படுத்தான்.
ஒரு நட்டில் கால் சுற்று.
இல்லை, அதிலும் பாதி.
திரையில் சிவப்பு தயங்கித் தயங்கிப் பச்சையானது.
ஒன்று மட்டும் மாறவில்லை.
சில்லின் தலைச்சரிவு, கேம்பர்.
"இந்த மொடலில் அதை அடிக்க முடியாது.
பிறவியிலேயே அப்படி.
வரம்புக்குள்தான் இருக்கிறது, விடுங்கள்."
முன்பு, பின்பு என்று இரண்டு நிரலில்
ஒரு கடதாசி அச்சாகி வந்தது.

வெளியே எடுத்தேன். நேர்.
வண்டி நேர்.
ஆனால் என் கை
யாரும் கேட்காமலே வலப்பக்கம் மூன்று விரல் போனது.
பொரளைப் பக்கமிருந்து வந்த ஓட்டோக்காரன்
என் அம்மாவை இழுத்து ஏசிக்கொண்டு விலகினான்.
அடுத்த சந்திவரை
கையை வீதியைப்போலப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

இரவு, வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
சனிக்கிழமைக் கேக்கின் அடித்தட்டை
மேசையில் வைத்து ஐசிங் பூசி,
ஏதோ ஒரு குறுகுறுப்பில்
மேசன்மாரின் மட்டப் பலகையை அருகில் வைத்தேன்.
குமிழ் வலப்பக்கம் ஓடி ஒதுங்கியது.
கேக்கை எடுத்துவிட்டு வெறும் மேசையில் வைத்தேன்.
வலப்பக்கம்.

இடப்பக்க மேசைக்கால் குட்டை.
எத்தனை வருஷமாகவோ.
கடல் ரயில் ஒன்று போக
குமிழ் மட்டும் நடுங்கிற்று.

நஸ்மி பாஸுக்கு இதைச் சொல்லப் போவதில்லை.
கைப்பையிலிருந்து கடதாசியை எடுத்தேன்.
சிவப்பு நிரலும் பச்சை நிரலும் உள்ளே போக
நாலாக மடித்தேன், போதவில்லை,
எட்டாக மடித்துக் காலுக்கடியில் செருகினேன்.

குமிழ் நடுவுக்கு வந்தது.
வந்து, ஒரு மயிரளவு தாண்டி,
அங்கேயே நின்றது.
வரம்புக்குள்தான்.
இரண்டாம் தட்டை எடுத்து வைத்தேன்.