பத்தாம் பாகம் இன்னும் வரவில்லை

கோரிப்பாளையத்தில் ஆம்புலன்ஸ்கள் மூச்சு வாங்கும் நேரம்.
ரத்த வங்கியின் குளிர்பெட்டிகள்
நான்கு டிகிரியில் முனகிக்கொண்டிருக்கின்றன.
பி நெகட்டிவ் இரண்டே பை.
பதிவேட்டில் குறித்துவிட்டு
அதே பதிவேட்டுக்கு அடியிலிருந்து
ஒன்பதாம் பாகத்தை எடுக்கிறேன்.
சிரிக்காதீர்கள்.
ரத்தம் குடிப்பவனைக் காதலிக்கும் ஒருத்தியின் கதையை
இங்கே உட்கார்ந்துதான் படிக்கிறேன்.

வடிவு, பகலில் மின்வாரியத்துக்காரி.
மீட்டர் கணக்கெடுக்க வந்தால்
எந்த வீட்டுக் கதவும் திறக்கும்.
ஆளே இல்லாத அறைக்கு
எங்கே யூனிட் ஏறுகிறதென்று
அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.
ராத்திரியானால்
செல்லூர்க் கரையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு
மணலில் இறங்குவாள்,
இடுப்பில் டெஸ்டர், கையில் சூரிக்கத்தி.
தண்ணீர் ஓடாத ஆற்றில்
வேறென்னவெல்லாமோ ஓடும்.

நாலாம் பாகத்தில் அவளுக்கு இடது தோள் இறங்கியது.
ஐந்தாம் பாகம் முழுக்க
ஒற்றைக் கையால் ஜாக்கெட் ஊக்கு மாட்டினாள்.
நான் விழுந்தது அந்த ஊக்கில்தான்.
அடித்தால் வலிக்கிறது அவளுக்கு.
விடிந்தால் வேலைக்கும் போகவேண்டியிருக்கிறது.

அவன் பெயர் எயினன்.
யானைக்கல் பாலத்தடியில்
நானூறு வருஷமாக இருபத்தெட்டு வயதில் இருக்கிறான்.
நிழல் கிடையாது.
உள்ளங்கை எங்கள் பிளாஸ்மா பெட்டி மாதிரி.
மதில் தாண்டுவான், மாடி தாண்டுவான்,
ஒரு பெண்ணின் நிலைப்படியை மட்டும்
அவள் வா என்று சொல்லாமல் தாண்ட முடியாது.
அதுதான் அவனுக்குச் சாபம்.
ஏழு பாகம் அவள் சொல்லவில்லை.
ஏழு பாகமும் அவன் வெளியே நின்று,
ஒருமுறை ஐப்பசி மழையில் நின்று,
கேட்டான்:
"உள்ளே வரலாமா?"

பஞ்சவர்ணத்துக்கு எழுத்து தெரியாது.
துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு
என் மேசையோரம் குந்திக்கொள்வாள்.
நான் வாசித்துக்காட்டும் பக்கங்கள் உண்டு,
விட்டுத் தாண்டும் பக்கங்களும் உண்டு.
"காது செவக்குதே தாயி,
அந்தப் பக்கத்த வாசி" என்பாள்.
எட்டாம் பாகத்தில் வடிவு வா என்ற ராத்திரி
ரொம்ப நேரம் பேசவில்லை அவள்.
பிறகு,
"ரத்தம் குடிக்கிறவெங்கூட கேட்டுட்டுத்தேன் வாரான்.
எங்க வீட்ல இருந்தாரே ஒருத்தரு..."
துணியைப் பிழிந்தாள்.
வாளியில் கறுப்பாக விழுந்தது தண்ணீர்.

சாபம் என்றுதான் போட்டிருக்கிறது புத்தகத்தில்.
சாபமா அது?

கற்பனைக்கு ஒரு அளவு வேணாமா என்கிறார்
மருந்தகத்துத் தனபால்.
பாலத்தடியில் பிசாசு இருப்பதை
அவர் மறுப்பேதும் சொல்லாமல் நம்பிவிட்டார்.
ரெண்டு மணிக்கு சிம்மக்கல்லிலிருந்து
ஒருத்தி தனியாக,
கைப்பையை மாரோடு அணைக்காமல்,
விசிலடித்துக்கொண்டு நடந்து வருகிறாளே,
அதைத்தான் தாங்கமுடியவில்லை.
தூங்கா நகரம் என்று பேர்.
யார் தூங்கவில்லை, யாரைத் தூங்கப் போகச் சொன்னார்கள்
என்று பார்க்கவேண்டும்.

நாலரைக்கு ஒரு பிரசவக் கேஸ்.
இரண்டில் ஒரு பை போனது.
ஆறரைக்குக் கையெழுத்து போட்டுவிட்டு
ஆனையூர் ஷேர் ஆட்டோவில்
பையை மடியில் கேடயமாக வைத்துக்கொண்டு வந்தேன்.
நான் இன்னும் வடிவு ஆகவில்லை.
பக்கத்தில் இருந்தவரின் முழங்கை நகர்ந்தபோது
"சார், முழங்கை" என்றேன், அவ்வளவுதான்.
டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.
முழங்கை போய்விட்டது.

பத்து மணிக்குத் தூக்கத்தின் நடுவில் கதவு தட்டல்.
"அக்கா, ஈ.பி.
உள்ளே வரலாமா?"

ஒரு பெண். தோளில் காக்கிப் பை.
என் கண் தன்னால் அவள் காலடிக்குப் போனது.
நிழல் இருந்தது, நல்ல கறுப்பாக.
இடது தோள் மட்டும் லேசாக இறங்கினாற்போல.
வா என்றேன்.

மீட்டரைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள்,
உள்ளறைக் கதவைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.
"நீங்க ஒரு ஆள்தானேக்கா இருக்கீங்க?
யூனிட் கூடவா ஏறியிருக்கே."