ஒத்தசொல், இரண்டு பக்கம்

கல்லூரி தொடர்பான சொற்கள்,
எதிரே ஒத்தசொற்கள்,
ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு.
இரண்டு பக்கம் போதும் என்றார்
தாக்கேத்தா கோயில் கமிட்டிச் செயலாளர் அங்கமுத்து.
"நம்ம சனத்துல நீங்கதானே
யூனிவர்சிட்டி வரைக்கும் போனவங்க."

வரைக்கும், சரியான சொல்.
வாசல் வரைக்கும்.

மாணவி: பயில்பவள், கற்பவள்.
பதிவேட்டில் நான் மா தண்டா வின்,
வீட்டில் மரகதவல்லி.
ஒன்றைக் கூப்பிட்டால் மற்றொன்று திரும்பிப் பார்க்கும்.
ஒத்தசொல் எனக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்.

பாடம்.
விலங்கியல் கூடத்தில், ஏரிப் பக்க ஜன்னலோரம்,
குடுவைக்குள் ஒரு தவளை.
அதையும் பாடம் செய்தது என்றுதான் சொல்கிறோம்.
கெடாது. நீந்தவும் நீந்தாது.
இரண்டாம் ஆண்டு டிசம்பரில்
அதை வரைந்துகொண்டிருந்தேன்,
இடது பின்னங்கால் பாக்கி.
மணி அடித்தது, நாளைக்கு முடிக்கலாம் என்று
பென்சிலைச் சீவிப் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் கேட்டில் சங்கிலி.

விடுமுறை: ஓய்வு என்று எழுதி அடித்தேன்.
தற்காலிகம் என்று எழுதி அதையும்.
லேடான் முனையில் இறங்க ஆளில்லை,
பஸ்காரன் பிரேக் போடாமல் போனான்,
நாற்பத்து மூன்று மாதம்.
எதிர்ப்பக்கம் காலி. பிறகு பார்க்கலாம்.

படிப்பு: கல்வி, பயிற்சி. வேர்ச்சொல் படி.
சந்தையில் சிக்கந்தர் ராவுத்தர் மண்டியில்
எனக்குக் கணக்கெழுதும் வேலை.
பர்மாக்காரர் பியி என்று அளப்பதை
அவர் வாய் படி என்றே சொல்லும்.
"எத்தன படிம்மா?"
உளுந்து அறுபது படி, துவரை பன்னிரண்டு,
சாக்கு ஓட்டையில் போனது அரைப்படி.
இடையில் நின்றுவிட்டாள் என்று யார் சொன்னது?
நாள் முழுக்கப் படிதான்.
பிராக்டிகல் நோட்டில்
கோடு போட்ட பக்கமெல்லாம் மூட்டைக் கணக்கு.
வெள்ளைப் பக்கத்தில் தவளை,
மூன்று காலோடு.

தவணை: பருவம், செமஸ்டர்.
(தையல் மெஷினுக்கும் தவணை கட்டினோம். அதை எழுதவில்லை.)

தேர்வு: பரீட்சை.
தெரிவு என்றும் அகராதி சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

திறந்தபோது கல்லூரியே வேறிடம்,
ஆற்றுக்கு அந்தக் கரை.
புதுச் சுண்ணாம்பு வாடை, மரமே இல்லாத பாதை,
மதிய வெயிலில் தகரக் கூரை டிக் டிக் என்றது.
சயாமா பழைய பதிவேட்டையே விரித்தார்.
அறுபத்து நான்கு பெயர்.
அழைத்துக்கொண்டே போனார்,
நடுநடுவே யாரும் இல்லாத இடைவெளி.

உள்ளேன்: பர்மீயத்தில் ஷி பா டே.
இந்த இரண்டு பக்கத்திலும்
இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் ஜோடி வேறில்லை.
இரண்டுக்கும் பொருள், இருக்கிறேன்.
என் முறைக்குச் சொன்னேன்.
மா சு லாவின் பெயர் வந்தது.
அவள் எல்லைக்கு அப்பால் மெஸோட்டில்
சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.
தொண்டையைக் கொஞ்சம் இறுக்கி
அவளுக்கும் சொன்னேன்.
சயாமா நிமிரவில்லை. டிக் போட்டார்.
அவருக்குத் தெரியாமலா இருக்கும்?
அன்று அந்த அறையில்
நாங்கள் முப்பது பேருக்கு மேல் இல்லை,
குரல்கள் மட்டும் ஐம்பது வரை வந்தன.

பட்டம்: மூன்று மாதத்தில் ஓராண்டை விழுங்கியதும் வந்தது.
போட்டோவுக்கு வாடகை அங்கி,
மணிக்கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.
இதற்கு ஒத்தசொல் தேடவில்லை.
ராவுத்தர் சம்பளத்தில் ஐந்நூறு கூட்டினார்.

சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அங்கமுத்து கண்ணாடியை இறக்கி, விரலை ஓட்டி,
"நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று வந்தவர்
ஓரிடத்தில் நின்றார்.
"விடுமுறைக்கு எதிர்ல விட்டுட்டீங்களே."

நான் வாய் திறப்பதற்குள்
சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து
அவரே எழுதினார்:
லீவு.

பஸ்ஸுக்கென்று இருநூறு கியாட் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.