இருநூற்றைம்பது மீட்டர்

கடல் உறைந்த இடத்தில் சாலை தொடங்குகிறது.
தடுப்புக் கம்பத்தருகே ஆரஞ்சு அங்கிப் பையன்
என் கண்ணாடியைத் தட்டுகிறான்:
சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள்.
முன்வண்டிக்கும் உங்களுக்கும் இருநூற்றைம்பது மீட்டர்.
நடுவில் எங்கும் நிற்கக் கூடாது.

முன்வண்டியில் என் கணவர், என்றேன்.

பார்த்தான். கறுப்பு வேன்,
பின்கதவில் ஊசியிலை வளையம்.
தொப்பியைக் கழற்றினான்.
பிறகு, தரையைப் பார்த்தபடி,
"ஆனாலும் இருநூற்றைம்பதுதான், அம்மா."

கையை மறித்து வைத்துக்கொண்டு
நாற்பது வரை எண்ணுகிறான்.

எண்டெல் கேட்டிருந்தால் விழுந்து சிரித்திருப்பான்.
முப்பத்தெட்டு வருடம்
முன்னால் போகிறவன் முதுகில்
மூக்கை உரசியே ஓட்டியவன்.
தாலின் சாலை லாரிகளின் பின்பலகைச் சேற்றை
எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன் நான்.
போதகரின் ஓப்பல் இருமுறை நசுங்கியது;
இரண்டாம் முறை அவர் ஆசீர்வதிக்கவில்லை.
இல்லாத பிரேக்கை நான் மிதித்து மிதித்து
என் பக்கத்து மிதியடியில் ஓட்டை.
இடைவெளி விட்டால் எவனாவது நுழைவான், என்பான்.

வீட்டிலும் அதே கணக்கு.
குளிக்கப் போனால்
கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பான்,
உருளைக்கிழங்கு விலை, படகு எஞ்சின், ஏதாவது.
கொஞ்சம் தள்ளிப் போயேன், என்பேன்.
எவ்வளவு தூரம், என்பான்.

ஓடும் வண்டிக்கு அடியில்,
பனிக்கட்டிக்கும் கீழே,
ஓர் அலையும் கூடவே ஓடுகிறது.
நெருங்கிவிட்ட இரு வண்டிகளின் அலைகள்
ஒன்றையொன்று தொட்டால்
மேலே இருப்பது விரியும்.
பையன் இதைச் சொல்லவில்லை.
தீவுக்காரிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கை இறங்கியது.
முன்னே வேன், சுண்டுவிரல் நகத்தில் பாதி.
பின்னே மகன் மீலிஸ்,
அவனுக்குப் பின்னே நாத்தனார் சல்மே.
தோள் கொடுக்க ஒருவருக்கொருவர் எட்டாத
சவ ஊர்வலம்.
அவரவர் வண்டியில்,
அவரவர் ஹீட்டர் இரைச்சலுக்குள் அழுகிறோம்.
வழிகாட்ட இருபுறமும்
பனியில் குத்திய ஜூனிப்பர் கிளைகள்.

பாதி வழியில் கால் தானாக அழுத்திவிட்டது.
வேன் வளர்ந்தது.
வளையம் தெரிந்தது, வளையத்தில் ஊதா நாடா,
நாடாவில் நான் சொல்லி எழுதவைத்த வரி.
இன்னும் கொஞ்சம்.
அப்போதுதான் கீழே
முறுக்கிய கம்பி அறுந்ததுபோல்
கரையிலிருந்து கரைக்கு ஓடியது அந்த ஓசை.

காலை எடுத்தேன்.
பிரேக் வேண்டாம், காலை மட்டும் எடு,
எத்தனை தடவை சொல்லியிருப்பேன் உனக்கு.
நாடா நூலானது. வேன் மறுபடி நகமானது.

கண்ணாடியில் வெளிச்சம் வீங்குகிறது.
மீலிஸ். அப்பன் பிள்ளை.
ஜன்னலை இறக்கிக் கையை நீட்டி
வேகமாய் அசைக்கிறேன்: தள்ளு, தள்ளிப் போ.
விரல்கள் மரத்துப்போகின்றன.

மெல்லப் பின்தங்குகிறான்.
டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ,
ஒருமுறை
விளக்கை அணைத்துப் போடுகிறான்.