பந்தில்லாத கை

விசில் வாயில்தான் இருந்தது,
பற்களுக்கு நடுவே, ரப்பர் உறை தேய்ந்து.

புளியந்தீவில் இரவு ஆட்டம்.
வாவிக் காற்றுக்கு வலை ஒருபக்கம் சாய்ந்தாடுகிறது.
நான்கு கம்பத்தில் மூன்றில் மட்டும் வெளிச்சம்.
பதினொரு செக்கன் மிச்சம்.
ஒரு புள்ளி வித்தியாசம்.

டெரன்ஸ் உள்ளே வந்தான்.
வந்தான் என்பதைவிட, முதுகால் வந்தான்.
மணலில் புதைந்த தோணியைத் தள்ளுகிறவன்போல
பந்தை ஒரு தட்டு, பின்னுக்கு ஒரு மோதல்,
இன்னொரு தட்டு, இன்னொரு மோதல்.
அவன் முதுகுக்குப் பின்னால் நுஸ்கி,
காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வருகிற பெடியன்.
ஐம்பத்தாறு கிலோ, சப்பாத்தோடு.

முதுகு ஆட்டத்தில் உண்டு. தோளும் உண்டு.
ஒவ்வொருத்தனுக்கும் தரையிலிருந்து கூரைவரை
கண்ணுக்குத் தெரியாத ஓர் உருளை என்கிறது விதி.
அதற்குள் நிற்கிறவன் தன் காணிக்குள் நிற்கிறான்.
எங்கள் மைதானத்துக்குக் கூரை இல்லை.
உருளை எதுவரை போகிறதென்று
நான் யாரையும் கேட்டதில்லை.

பகலில் எனக்கு நில அளவைத் திணைக்களம்.
அரை அடி வேலிக்கு
அண்ணன் தம்பி இருவர் கத்தியெடுத்தாலும்
டேப்பை இழுத்துப் பிடித்து
கல் இங்கே என்பேன். கல் அங்கேதான்.
இரவில் என்னிடம் இருப்பது கண்ணும் காதும்,
இரண்டில் காதுதான் மோசம்.

தடுக்கிறவனின் விரல் மணிக்கட்டில் பட்டால்
சளீரென்று கேட்கும். ஊதிவிடுவேன்.
அன்றைக்கு நுஸ்கிக்கு அப்படி நான்கு.
தள்ளுகிற கை சத்தம் போடுவதில்லை.
டெரன்ஸின் இடது கை, பந்தில்லாத கை,
பூட்டாத கதவுபோல மெல்லத் திறந்தது.
நெஞ்சில் முழங்கை.
பெடியன் விழுந்தான்.
பந்து வளையத்துக்குள் விழுந்தது.

நான் ஊதவில்லை.

அதே கையை முதல் காற்பகுதியில்
இரண்டு தரம் கண்டேன், விட்டேன்.
சனம் ஆட்டம் பார்க்க வந்தது,
என் விசில் கேட்கவா வந்தது?
அப்போது விட்டதைப்
பதினொரு செக்கனில் பிடித்தால்
அது நீதியா, பயமா?
இதெல்லாம் பிறகு யோசித்தது.
அந்த நேரம் நாக்கு விசிலில் ஒட்டியிருந்தது,
அவ்வளவுதான்.

கடலைச் சுருள் ஒன்று தலையில் வந்து விழுந்தது.
பைப்படியில் முகம் கழுவும்போது
நுஸ்கி வந்து நின்றான். சண்டைக்கில்லை.
“சேர், எவ்வளவு விடுவீங்க?
சொன்னா அதுக்கேத்த மாதிரி நிப்பன்.”

டெரன்ஸும் வந்துவிட்டான், கையில் நெக்டோ போத்தல்.
“எனக்கும் சொல்லுங்க சேர்.
நான் இவ்வளவுதான் தள்ளினன்.”
போத்தலைச் சுவரில் வைத்துவிட்டு
முழங்கையை நுஸ்கியின் நெஞ்சில் வைத்தான்,
காய்ச்சல் பார்க்கிறவன்போல.
நுஸ்கி அசையவில்லை.
“இல்ல மச்சான், இன்னும்.”
அவனே அந்தக் கையைப் பிடித்து
தன் விலா எலும்புவரை இழுத்தான்.
“இஞ்ச. இப்படி.”
“இவ்வளவா?”
“ஓம்.”
டெரன்ஸ் தன் கையைப் பார்த்தான்,
யாரோ கொடுத்துவைத்த சாமானைப் பார்ப்பதுபோல.

பழக்க தோஷம். பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.
நெஞ்சு தொட்ட இடத்திலிருந்து
நெஞ்சு போய்நின்ற இடம்வரை
ஐந்தரை அங்குலம்.
மூவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
ஊரில் வேலி ஏறுகிற அளவு.
பைப்பை யாரும் மூடவில்லை.

அடுத்த சனிக்கிழமை,
இரண்டாவது நிமிடம், புள்ளி நாலுக்கு நாலு.
தோற்கவோ வெல்லவோ இன்னும் ஒன்றுமில்லாத நேரம்.
டெரன்ஸின் இடது கை திறந்தது.
ஊதினேன்.
மைதானம் முழுக்க ஊ என்றது.
பந்தை மற்றப் பக்கத்துக்குக் காட்டினேன்.
அவன் கையை உயர்த்தினான், ஒப்புக்கொண்டு.
என்னைக் கடந்து ஓடும்போது மட்டும்
மெதுவாய்ச் சொன்னான்:
“சேர், இது நாலு அங்குலம்.”