இடப்பக்கம் மூன்று நூல்

அப்புக்காரானாவில் மழை விட்ட மறுநாள்,
செம்மண் காய்வதற்குள் வந்தான் எடெனில்சன்,
எழுபத்தெட்டாம் வருஷத்து நீல ஓப்பாலாவில்.
பின்சீட்டில் இரண்டு சக்கரங்கள்,
பெல்ட் மாட்டி உட்கார வைத்திருந்தான்.

ஆறங்குல ரிம்மை வட்டமாய் அறுத்து
நடுவில் நாலங்குலப் பட்டை கொடுத்துப்
பற்றவைத்திருக்கிறார் லோந்திரினாவில் யாரோ.
தழும்பின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன்.
நல்ல கை. எங்கும் தடுக்கவில்லை.

"பொருந்துமா, ஜுசேலியா?"
கல்யாணத் தரகரைக் கேட்டால் உடனே பொருந்தும் என்பார்.
நான் டயர்க்கடைக்காரி.
டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

குனிவதும் சுலபமில்லை.
ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று ஏற்கெனவே வெட்டியாயிற்று.
உச்சிவெயிலில் லாரிக்கடியில் ஒடுங்கிய நாய்போல
வயிற்றைத் தரையில் வைத்துக் கிடக்கிறது வண்டி.
ஜாக்கியின் தலை நுழையவில்லை;
பலகை போட்டு அதன்மேல் ஏற்றி, பிறகு ஜாக்கி.

டயர்களை ஏற்றினேன்.
ரிம்மில் கம்பி உட்காரும் அந்த வெடிச் சத்தம்,
ஒரு சக்கரத்துக்கு இரண்டு முறை.
எதிர் ரொட்டிக்கடை வரிசை நான்கு முறை திரும்பிப் பார்த்தது.

வலப்பக்கம்: உள்ளே ஐந்து நூல், வெளியே ஆறு.
போதும்.
இடப்பக்கம்: உள்ளே எட்டு, வெளியே மூன்று.
வேறு டேப்பில் அளந்தேன்.
எச்சில் தொட்ட குச்சியை விட்டு அளந்தேன்.
மூன்றுதான்.

"எங்கேயாவது இடித்ததா?"
"கீறல்கூட விழாத வண்டி. அண்ணன் சொல்லித்தான் கொடுத்தான்.
வலேரியோ பொய் சொல்லமாட்டான்."

ஆள் ஏறினால்தானே தெரியும்.
ரொட்டி வரிசையிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டேன்.
ஸோராய்தே அம்மாள் பையோடு நடுவில் உட்கார்ந்தாள்,
சர்க்கரை ஆலைக்காரர்கள் இரண்டு பேர் இரு பக்கமும்.
என் மகனின் பள்ளிக்கூடக் களிமண்ணை உருட்டி
மட்கார்டு விளிம்பின் உள்ளே ஒட்டினேன்.
தெருமுனை வேகத்தடை வரை போய் வரச் சொன்னேன்.

திரும்பியபோது
வலப்பக்கம் உருண்டை உருண்டையாகவே இருந்தது.
இடப்பக்கம் அப்பளமாகி, டயரின் பூவேலை அதில் பதிந்திருந்தது.
ரப்பர் வாடை.
"என்னவோ முனகியது," என்றாள் ஸோராய்தே,
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

விளிம்பை மடக்கினால் ஒரு நூல் கிடைக்கும்.
சூட்டுக் காற்று பிடித்து,
டயருக்கும் தகரத்துக்கும் இடையே கொய்யாக் கட்டையை விட்டு
வண்டியை மெல்லத் தள்ளச் சொன்னேன்.
ஒரு சாண் தூரம் பணிந்து வந்தது தகரம்.
பிறகு முறுக்குப்போல நொறுங்கியது.

நீலம் உதிர்ந்த இடத்தில் பட்டி, விரல் தடிமனில்.
பட்டிக்குக் கீழே பச்சை.

காந்தத்தை வைத்தேன். நிற்காமல் விழுந்தது.
அவன் குனிந்து எடுத்து, தானே வைத்துப் பார்த்தான்.
கதவருகே, பெட்ரோல் மூடியருகே,
விளக்குக்கு மேலே.
வேறு ஏதோ வண்டியின் இடுப்பு இது.
எவன் ஓட்டிய பச்சையோ,
எந்தக் காப்பித் தோட்டத்து வளைவில் எது மிஞ்சியதோ.

நிமிர்த்தலாம். இரண்டு மாதச் சம்பளம் கேட்பார்கள்.
சொன்னேன். காது கேட்டதாகத் தெரியவில்லை.

அதனால் இடச் சக்கரத்தை மட்டும் மறுபடி அறுக்கக் கொடுத்தோம்,
பட்டையை இடம் மாற்றி
மூன்று நூல் உள்ளே வாங்கிக்கொள்ள.
வியாழக்கிழமை வந்தது. மாட்டினேன்.
களிமண் உருண்டையாகவே திரும்பியது.
வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.
மாற்றி மாட்டினால் தோலை உரித்துவிடும்.
உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் பெரிதாய் எழுதினேன்: இடது.

காசை எண்ணிக் கொடுத்தான்.
நொறுங்கிய இடத்துக்கு வண்ணம் வேண்டாமாம், அப்படியே இருக்கட்டுமாம்.
போனை எடுத்து வாசலுக்குப் போனான்.
"வலேரியோ, ஒன்றுமில்லை,
அந்தப் பச்சை..."

அதற்குள் என் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது.
அது நிற்க நாலு நிமிஷம் ஆகும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உதடுகள் அசையவில்லை.
குனிந்து, கட்டைவிரலை
டயருக்கும் தகரத்துக்கும் நடுவே விட்டு
எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.